டிராஃப்டில் கிடக்கும் ராஜினாமா

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது. எட்டு மாதமாக டே கேர் போகிறாள். தினமும் காலையில் அந்த வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவளைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கும்போது நானும் அழுகிறேன். நான் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் விளையாடப் போய்விடுவாளாம். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாள் முழுக்க சமர்த்தாக இருப்பவள், மாலை என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடவில்லை என்று அழுகிறாள். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று அழுகிறாள். சமையல் முடியும்வரை போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அவள் தூங்கப் பத்தரை ஆகிறது. அதற்கு மேல் நான் லேப்டாப்பைத் திறக்கிறேன். கணவர் நல்லவர், சொன்னால் எல்லாம் செய்வார். ஆனாலும் வீட்டில் அரைகுறை அம்மா, ஆபீஸில் அரைகுறை ஊழியர் என்றுதான் என்னை நினைக்கத் தோன்றுகிறது. ராஜினாமா மின்னஞ்சல் நான்கு மாதமாக டிராஃப்டில் கிடக்கிறது. அனுப்பிவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழிக்கு,

செருப்பு விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். என் வீட்டில் அது சாக்ஸ். இடது காலுக்குப் போட வேண்டியதை வலது காலுக்குப் போட்டுவிட்டேன் என்று என் மகன் முக்கால் மணி நேரம் அழுதான். சாக்ஸில் இடது வலது கிடையாது என்பதை அவனுக்கு விளக்கப் பார்த்தது என் தவறு.

காலை அழுகையிலிருந்து தொடங்குகிறேன். அம்மாவைப் பிரியும் பயம் குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது மாதத்தில் தலைகாட்டும். மூன்று வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தானாகத் தணியும். உங்கள் மகள் அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். அவள் அழுவது ‘நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்காக. ‘நீ கெட்ட அம்மா’ என்பது நீங்களாக எழுதிக்கொண்ட வசனம்.

இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அழுகையைத் தவிர்க்க, மகன் விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடுவேன். பத்தே நாளில் அவன் நான் குளியலறைக்குப் போனாலும் பின்னாலேயே வரத் தொடங்கினான். அம்மா எந்த நொடியும் மாயமாகலாம் என்று ஆகிவிட்டால் எந்தக் குழந்தைதான் கண்ணை எடுக்கும்? அதனால் அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஒரு முத்தம், தினமும் மாறாத ஒரே வாக்கியம், ஒரு டாட்டா, அவ்வளவுதான். பாதி வழியில் திரும்பிப் போய் இன்னொரு முறை கட்டிக்கொள்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், அவளுக்கோ பிரிவை இரண்டு முறை அனுபவித்தது போலாகும். ‘ஆறு மணிக்கு வருவேன்’ என்று சொல்லாதீர்கள், இரண்டு வயதில் கடிகாரம் கிடையாது. ‘சாப்பிட்டு, தூங்கி எழுந்து, விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிடுவேன்’ என்றால் அவளுக்குப் புரியும்.

ஐந்து நிமிடக் கதையை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். ஒரு நாள் ஆபீஸுக்கு அரை மணி நேரம் தாமதம் சொல்லிவிட்டு, அவள் கண்ணில் படாமல் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். மணிக்கணக்கில் அழுகிறாள், அங்கே சாப்பிடவே மாட்டேன் என்கிறாள், கலகலப்பானவள் திடீரென்று ஒடுங்கிப்போகிறாள், அல்லது பெற்றோர் உள்ளே வருவதை அங்கிருப்பவர்கள் விரும்பவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அப்போதுகூட மாற வேண்டியது டே கேர்தான்.

இனி மாலை. நாள் முழுக்கப் பகிர்ந்து, காத்திருந்து, வரிசையில் நின்று, சொன்னதைக் கேட்டு நடந்த ஒரு சின்ன மனுஷி அவள். ஆபீஸில் மேலதிகாரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டில் வந்து கதவை அறைந்து சாத்துகிறோம் அல்லவா, அதேதான் இதுவும். எங்கே அழுதால் பாதுகாப்போ அங்கே அழுகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உடைகூட மாற்ற வேண்டாம். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும், இருபது நிமிடம் தரையில் உட்காருங்கள். விளையாட்டை அவள் சொல்லட்டும். மடியில் சும்மா படுத்திருந்தாலும் சரி. இருபது நிமிடத்துக்கு எங்கே போவேன் என்று தோன்றும். இப்போது அதைவிட அதிக நேரம் செருப்புப் பஞ்சாயத்தில்தானே போகிறது!

அழும் நேரத்தில் காரணம் விளக்காதீர்கள். ‘செருப்பை நீயே கழற்ற ஆசைப்பட்டாயா? கோபம் வந்துவிட்டதா?’ என்று அவள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள், போதும். அந்த நேரத்தில் போனை மட்டும் நீட்டாதீர்கள். அழுதால் போன் வரும் என்ற கணக்கை இந்த வயதுக் குழந்தை இரண்டே நாளில் போட்டுவிடும்.

மற்றபடி போன் விஷயத்தில் நான் கடுமையான ஆள் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. சமையலின்போது அரை மணி நேரம் பார்ப்பது அந்த எல்லைக்குள்தான் வருகிறது. சாப்பிடும்போதும் தூங்கப்போகும் முன்பும் கூடாது, அதில் மட்டும் உறுதியாக இருங்கள். சில நாள் அரை மணி ஒரு மணியாகும். அதற்காகக் குற்றவுணர்ச்சியில் புரள வேண்டாம்.

எனக்குப் போனைவிட அந்தப் பத்தரை மணிதான் உறுத்துகிறது. அதே வழிகாட்டுதலில் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் சொல்லியிருக்கிறார்கள். பத்தரைக்குத் தூங்கி, டே கேருக்காக ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். பகலில் ஒன்றரை என்று வைத்தாலும் ஒன்பதரைதான். அடத்தில் பாதி இந்தத் தூக்கக் கடனாகவும் இருக்கலாம். ஒரே நாளில் எட்டரைக்குப் படுக்கப் போட்டால் இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். டே கேரில் எத்தனை மணிவரை தூங்கவிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். மாலை நாலரைவரை தூங்கினால் இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்?

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வாக்கியம் ‘சொன்னால் எல்லாம் செய்வார்’ என்பதுதான். யார் சொல்வது? டயப்பர் தீரப்போகிறது, அடுத்த தடுப்பூசி என்றைக்கு, டே கேரில் மாற்று உடை இருக்கிறதா, இருமலுக்கு மருந்து எத்தனை மில்லி என்ற பட்டியல் முழுவதும் உங்கள் தலையில் ஓடுகிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்து அவரிடம் கொடுக்கிறீர்கள், அவர் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று உங்களையே பார்க்கிறார். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் மேனேஜர் வேலை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் களைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலைகளைப் பிரிக்காமல் பொறுப்பைப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, குளியலும் தூங்கவைப்பதும் இனி அவருடையது: துண்டு தேடுவது, கதைப் புத்தகம் எடுப்பது, எட்டரைக்குள் விளக்கணைப்பது எல்லாமே. முதல் வாரம் ‘அம்மா வேணும்’ என்று ஊரைக் கூட்டுவாள். நீங்கள் காப்பாற்றப் போகாதீர்கள். சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டால் திருப்பியே இருக்கட்டும், அதற்கு ஒரு திருத்தம் சொன்னீர்கள் என்றால் பொறுப்பு உங்கள் கைக்கே வந்துவிடும்.

டே கேர் போகும் குழந்தைக்கு வருடத்தில் எட்டு பத்து முறை சளி காய்ச்சல் வருவது சாதாரணம். அதாவது எதிர்பாராத லீவு என்று நாம் சொல்வது எதிர்பார்க்க வேண்டியதுதான். இந்த முறை யார் லீவு, அடுத்த முறை யார் என்று அவள் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேசி முடிவு செய்யுங்கள். காய்ச்சல் அடிக்கும் காலை ஏழு மணி அதற்கான நேரம் இல்லை.

சரி, ராஜினாமா. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அம்மா மட்டுமே வளர்த்த குழந்தைகளுக்கும் பிறர் கவனிப்பிலும் வளர்ந்த குழந்தைகளுக்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டே கேரைவிட, வீடும் பெற்றோர் பழகும் விதமுமே அதிகம் பாதித்தன. நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதல் அடம் தெரிந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக வேலையை விட வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வீட்டில் இருக்க உங்களுக்கே ஆசை, வரவு செலவும் ஒத்துவருகிறது என்றால் தாராளமாக விடுங்கள். தண்டனையாக விடாதீர்கள். அப்படி விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். குழந்தை அடம்பிடிக்கும்போதெல்லாம் ‘உனக்காகத்தானே’ என்ற சொல் அவர்கள் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது.

இன்னொன்று. அவள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, அழுகை காலையோடு நிற்கவில்லை என்றால் என் பதிலை மடித்து வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மின்னஞ்சல் டிராஃப்டிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். தூக்க நேரம் எட்டரைக்கு வந்து, தூங்கவைப்பது கணவரின் கைக்குப் போய் ஒரு மாதம் ஓடட்டும். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, அதைத் திறந்து படியுங்கள். இரவு பதினோரு மணிக்கு மட்டும் திறக்காதீர்கள்.