‘எல்லா டெப்புக்கும் பொருந்தும்’ என்று விற்கும் ஸ்டைலஸ் பேனை நோட்ஸ் எழுதவும் படம் கீறவும் போதுமா?

கேட்டவர் கிளிநொச்சியில் உயர்தரம் உயிரியல் படிக்கிறார். கையில் ஒரு டெப் இருக்கிறது. எந்த டெப்புக்கும் பொருந்தும் என்று ஒன்லைனில் போட்டிருக்கும் பேனையை வாங்கினால் நோட்ஸ் எழுதலாமா, படம் கீறலாமா என்பதுதான் கேள்வி.

இன்னும் வாங்காவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். டெப்பின் மொடல் நம்பரை முதலில் பாருங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா, சித்தி யாராவது அனுப்பியதாக இருக்கும், பெட்டியும் இருக்காது. பரவாயில்லை, செட்டிங்ஸுக்குள் ‘எபவுட்’ பகுதியில் இருக்கும். பேனை எவ்வளவு வடிவாக எழுதும் என்பது டெப்பின் கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. மொடல் தெரியாமல் பேனையைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

சாதாரண டெப்பின் திரைக்கு விரல் மட்டும்தான் தெரியும். விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும், அதைத்தான் அது பிடிக்கிறது. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ பேனை விரல் செய்யும் வேலையைச் செய்துகாட்டுகிறது, அவ்வளவே. ரப்பர் முனை, தெளிந்த பிளாஸ்டிக் வட்டத் தட்டு, பற்றரி போட்ட மெல்லிய முனை என்று பல மாதிரி வரும். பற்றரிப் பேனை விலை கூடியதுபோல் தெரியும், ஆனால் அழுத்தி எழுதினாலும் மெதுவாக எழுதினாலும் கோடு ஒரே தடிப்பில்தான் விழும். உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அதையும் டெப் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உயிரியல் நோட்ஸ் ஒரு பாடம் எழுதிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

சாம்சுங்கின் சொந்தப் பேனையான ‘எஸ் பென்’ வேலை செய்யும் டெப்பில் திரைக்குக் கீழே இன்னொரு தகடு இருக்கும். அதிலுள்ள சுருள்கள் காந்தப்புலம் எழுப்ப, பேனைக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் அனுப்பும். அதனால்தான் எழுதுவதற்குப் பேனையைச் சார்ஜ் பண்ணத் தேவையில்லை. முனை திரையைத் தொடுவதற்கு முன்பே, ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், பேனை வருவது டெப்புக்குத் தெரிந்துவிடும். அந்த நேரம் அது விரல் தொடுகையை நிறுத்திவிடும், உள்ளங்கையைத் தாராளமாக வைத்து எழுதலாம். இந்தத் தகடு இல்லாத டெப்பில் எஸ் பென்னால் ஒரு கோடுகூட விழாது. கலக்ஸி டெப் ஏ9 இல் தகடு இல்லை. 2020 இல் வந்த டெப் எஸ்6 லைட்டில் இருக்கிறது, பேனையும் பெட்டிக்குள்ளேயே வரும். ‘டெப் ஏ’, ‘டெப் எஸ்’ என்ற ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள்தான் கனபேர்.

ஐபேட் என்றால் கதை வேறு. அடிப்படை ஐபேட்டில் 2018 இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் ஆப்பிள் பென்சில் வேலை செய்யும். ஒன்பதாம் தலைமுறைக்கு முதலாவது பென்சில் மட்டுமே பொருந்தும். பத்தாம் தலைமுறைக்கு அதே பென்சிலை அடப்டர் போட்டுச் சேர்க்கலாம், அல்லது 2023 இல் வந்த யூஎஸ்பி-சி பென்சிலை வாங்கலாம். அந்த யூஎஸ்பி-சி பென்சிலுக்கு எவ்வளவு அழுத்தி எழுதுகிறோம் என்பது தெரியாது, நோட்ஸுக்குப் போதும், படம் கீறுகிறவருக்குப் போதாது. 2018 இலிருந்து வந்த ஐபேட்டுகளுக்கென்று மற்ற நிறுவனங்கள் செய்யும் மலிவுப் பேனைகளும் அப்படித்தான்: உள்ளங்கைப் பிரச்சினை இல்லை, சரித்துப் பிடித்தாலும் பல பேனைகள் கண்டுபிடிக்கும், அழுத்தம் மட்டும் கிடையாது. நோட்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆப்பிள் பாவிக்கிற ஆட்கள் இதற்குக் கோபிக்க வேண்டாம், காசு அளந்து செலவழிக்கிற வீட்டுக்குத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடையும் இல்லை, யாருடைய பொருளையும் விற்கவும் இல்லை.

லெனோவோ, ஷாவோமி டெப்புகளில் பேனை எடுக்கும் மொடல்களுக்கு அவற்றுக்கென்றே பேனை உண்டு. ஒன்றின் பேனை அதே நிறுவனத்தின் இன்னொரு டெப்பில் வேலை செய்யும் என்று நம்பக்கூடாது.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்குவதாக இருந்தால், உங்கள் டெப்பையும் கொண்டுபோய் அங்கேயே எழுதிப் பாருங்கள். கடைக்காரர் கையொப்பம் ஒன்று போட்டுக் காட்டுவார், அதில் ஒன்றும் தெரியாது. தமிழில் வேகமாக எழுதுங்கள்: ‘கல்லீரல்’, ‘நரம்புக்கலம்’, ‘ஒளித்தொகுப்பு’. பிறகு புள்ளிகளை எண்ணுங்கள். மலிவுப் பேனையில் முனை திரையில் பட்டு உடனே எழும்பினால் அதைச் செயலி கோடாக எடுப்பதில்லை, வெறும் தட்டலாக எடுத்து விட்டுவிடும். ‘கல்’ என்பது ‘கல’ என்று நிற்கும். ஆங்கிலம் எழுதுகிறவர் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் வாசித்துவிடுவார், எங்களுக்கு மெய்யெழுத்தே போய்விடும். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியை வேகமாக வைத்தால், சில செயலிகளில் அதை இரட்டைத் தட்டல் என்று எடுத்துப் பக்கம் பெரிதாகும். யூடியூப்பில் வரும் ஆங்கில மதிப்புரைகளில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த சோதனை சரிவுக்கோடு. அடிமட்டத்தைத் திரையில் மெல்ல வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால் அந்தப் பேனையில் உயிரியல் படத்துக்குப் பெயர் குறிக்கும் கோடுகூட நேராக வராது. திரையின் உணரிக் கோடுகள் சில மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன, இடையில் முனை எங்கே நிற்கிறது என்பதை டெப் கணக்குப் போட்டு ஊகிக்கிறது, அந்த ஊகம் பிழைக்கும்போதுதான் நெளிவு வரும். வேகமாக இழுத்தால் தெரியாது. அழுத்தம் தெரியும் பேனை என்று சொன்னால், மிக மெல்லத் தொடங்கி அழுத்திக்கொண்டே போய் ஒரு சுருள்கோடு கீறுங்கள், மயிரிழையில் தொடங்கித் தடிக்க வேண்டும். பேனை அழுத்தத்தை 4096 மட்டமாகப் பிரிக்கிறதா 8192 மட்டமாகவா என்பது கைக்குத் தெரியாது. எவ்வளவு மெதுவாகத் தொட்டால் முதல் கோடு விழுகிறது என்பதுதான் தெரியும்.

எழுதும் பேனை வகையை அழுத்தத்துக்கு மாறாத போல்பொயின்ட் என்று வைத்து, தடிப்பை 0.5 மில்லிமீற்றர் அளவில் விடுங்கள். ‘ண’, ‘ஞ’, ‘ணை’ சுழிகள் அடைபடாது, புள்ளியும் ஒரே அளவில் விழும். கோட்டை நேராக்கும் ‘ஸ்டெபிலைசர்’ வசதியை எழுத்துக்கு 20 வீதத்துக்கு மேலே ஏற்ற வேண்டாம், சுழியின் வளைவை வெட்டிவிடும். படத்தின் வெளிக்கோட்டுக்கு 50 வீதம் வரைக்கும் வைக்கலாம். செயலியோடு வரும் கோடு போட்ட பக்கங்கள் பல நெருக்கமான இடைவெளியில் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. எங்களுக்கு மேலே ‘கி’ வளைவும் கீழே ‘கு’ வாலும் வரும் என்பதால், 9 அல்லது 10 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி அதை வைத்து எழுதுங்கள். நல்ல பேனை என்றால், விரலால் எழுதும் வசதியைச் செயலியின் செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். ஒன்நோட்டிலும் சாம்சுங் நோட்ஸிலும் அது இருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கே உரிய தொல்லைகள். ஐபேட்டைப் பாவிக்கச் சொல்லியிருக்கும் உச்ச வெப்பநிலை 35 பாகை. வன்னி வெய்யில் காலத்தில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் அதைத் தாண்டுவது புதினமில்லை. திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம், கவரைக் கழற்றி நிழலில் விடுங்கள், ஐஸ்பெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும். வியர்த்த கை பட்டால் விரல்வகைப் பேனையில் தேவையில்லாத கோடுகள் விழும், கைக்கு அடியில் ஒரு துணி போதும். சார்ஜில் போட்டபடி எழுதும்போது கோடு நடுங்கினால் பேனையில் பிழை இல்லை, மலிவு சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அது. வயரைக் கழற்றியதும் கோடு நேராகும். எஸ் பென் டெப்புக்கு வேறு நிறுவனத்தின் காந்தக் கவர் போட்டால், காந்தம் இருக்கும் இடத்துக்கு நேரே கோடு விலகி விழலாம்.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிரவல் ரோட்டுப் புழுதி எங்கேயும் வரும். அந்தப் புழுதியில் கலந்திருக்கும் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. முனைக்குக் கீழே ஒரு துகள் அகப்பட்டால் திரையில் கீறல் விழும். எழுதத் தொடங்க முதல் ஊதிவிட்டு, கொஞ்சம் ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள், காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். கடதாசிபோல் சொரசொரப்பான மற் ஃபில்ம் ஒட்டினால் கை வழுக்காது, ஆனால் முனை சீக்கிரம் தேயும், திரையின் தெளிவும் கொஞ்சம் குறையும். முனை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். எஸ் பென் முனையைச் சிறிய இடுக்கியால் நேரே இழுத்தால் வரும், ஆப்பிள் பென்சிலில் திருகினால் கழரும். பென்சிலை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் மேசைக்குள் போட்டு வைத்தால் பற்றரி செத்துவிடும், பரீட்சைக் காலத்தில் பாவிக்காவிட்டாலும் இடைக்கிடை ஏற்றி வையுங்கள்.

ஒன்லைனில் எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருவதாகக் காசு எடுத்துவிட்டு, மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் என்றதும் ‘டவுனுக்கு வந்து எடுங்கள்’ என்று போன் பண்ணுவது என்ன நியாயம்? பஸ் காசும் போய், பார்சலைத் திறந்து பார்க்கும்போது திருப்பி அனுப்பும் நாளும் முடிந்திருக்கும். கொழும்பில் இருப்பவருக்கும் அதே கட்டணம்தான். வன்னி முகவரிக்கு ஓடர் பண்ணுகிறவர்கள் எங்கே கொண்டுவந்து தருவார்கள் என்பதை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, கேட்டு வாங்கி வையுங்கள்.

உங்கள் டெப் பேனைத் தகடு இல்லாத வகை என்று வந்தால், படம் கீறுவதற்கு டெப்பையே மாற்றத் தேவையில்லை. ஹுயோன், எக்ஸ்பி-பென், வேகொம் செய்யும் திரையில்லாத பேனைப் பலகை ஒன்றை யூஎஸ்பி வயரால் கணினிக்குக் கொடுத்து, ‘கிருத்தா’ என்ற இலவசப் படம் கீறும் செயலியில் கீறலாம். பேனைக்குப் பற்றரி வேண்டாம், அழுத்தம் முழுதாக வேலை செய்யும். கண் திரையிலும் கை பலகையிலும் இருப்பது முதலில் சிரமம், பழகிவிடும். ஏ4 படத்துக்கு 2480 க்கு 3508 பிக்சல் வைத்தால் அச்சடிக்கவும் போதும். சில பலகைகளை ஓடிஜி வயர் (யூஎஸ்பி பொருளைப் போனோடு, டெப்போடு இணைக்கும் வயர்) போட்டு அண்ட்ரொய்ட் டெப்பிலோ போனிலோ கொடுக்கலாம். போனை நிமிர்த்திப் பிடித்தால் பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும் மொடல்களும் உண்டு. பெட்டியில் அண்ட்ரொய்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, ஓடிஜி வயரும் உள்ளே இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.