பேட்டரி புதிது, செல்ஃப் மட்டும் சோர்வது ஏன்?

பழைய வாகனங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையார் வாங்கிய 1986ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் வண்டியை இன்றும் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போய்வருவதோடு சரி. சாரல் தொடங்கியதிலிருந்து காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது. ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நன்றாக இருந்து, மறுபடி பழைய கதைதான். செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், புளியரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விடையின் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதிய பேட்டரி ஒரு மாதம் நன்றாக வேலை செய்ததற்கு, அதை மாட்டியவர் டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதே காரணமாக இருக்கலாம். கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நிற்கும் வண்டியில் செம்பும் ஈயமும் சேரும் இடத்தில் களிம்பு ஏறாமல் இருப்பதுதான் அதிசயம்.

உங்கள் 1489 சிசி என்ஜினைச் சுற்ற செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும்போது, வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே சூடாக வீணாகிவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், 'ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது' என்றுதான் அது சொல்லும். ஆகவே செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டை அளக்க வேண்டும்.

முதலில் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரியை அளந்துகொள்ளுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான், சார்ஜ் ஏற்றிய பிறகே மேலே போக வேண்டும். பின்னர் காயிலிலிருந்து (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது) டிஸ்ட்ரிபியூட்டருக்கு (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் என்ஜின் பற்றாது. கியரை நியூட்ரலில் வைத்து, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் (மேலே பூட்டிய கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறுமுனையைச் செல்ஃபில் கனத்த கேபிள் பூட்டியிருக்கும் போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ கோளாறு. அடுத்து நெகட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃபின் உடலுக்கு அளவெடுங்கள், இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். நடுவில் மோட்டாரை ஆறவிடுங்கள்.

பத்தில் எட்டுப் பேர் பாசிட்டிவ் பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு எர்த் பக்கத்தை, அதாவது கரண்ட் பாடி வழியாக நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கத்தை, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டைதான் கரண்ட் திரும்பிப் போகும் வழி. பெயின்ட் அடித்தவர்கள் அந்தப் பட்டையைப் பெயின்டின் மேலேயே முடுக்கியிருப்பார்கள். சில வண்டிகளில் பட்டையே இருக்காது. தென்காசியில் ஒரு வண்டியில் மூன்று முறை செல்ஃப் அடித்ததும் சோக் ஒயரின் (குளிரில் கிளப்ப உள்ளிருந்து இழுக்கும் கம்பி) உறை கை வைக்க முடியாதபடி சுட்டது. பட்டை அறுந்துபோய், மொத்தக் கரண்டும் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் வண்டியிலும் செல்ஃப் அடித்த கையோடு ஒவ்வோர் இணைப்பையும் சோக் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடத்தில்தான் குற்றம்.

இணைப்புகளைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். களிம்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி (செல்லுக்குள் ஒரு துளியும் இறங்கக் கூடாது), உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவினால் போதும். கேபிளை மாற்ற நேர்ந்தால் 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிளாக வாங்குங்கள். வீட்டு ஒயரிங் கம்பியை முறுக்கிப் போடும் வேலை வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, சுற்றும்போது செல்ஃபின் போல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே பத்து வோல்ட் கிடைத்தும் அது சோர்ந்தால், அப்போது மோட்டாரைக் கழற்றலாம். அப்போதும் புது மோட்டார் வாங்குவது கடைசி வழிதான். பிரஷ் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை) தேய்ந்திருக்கலாம், புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, சுழலும் ஆர்மேச்சர் உள்ளே உரசலாம். இரண்டையும் மாற்றிக்கொண்டால் பழைய மோட்டாரே பல ஆண்டுகள் உழைக்கும். கழற்றும் முன் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். கைக்கே அது கனத்தால் கோளாறு செல்ஃபில் இல்லை.

கேள்வி: எனது பிரீமியர் பத்மினி காலையில் ஒரே சுற்றில் கிளம்பிவிடுகிறது. கோவையிலிருந்து திரும்பும்போது வேலந்தாவளத்தில் தேநீர் குடிக்க நிறுத்தி, மறுபடி செல்ஃப் அடித்தால் மட்டும் எதிலோ முட்டியதுபோல் நின்று நின்று சுற்றுகிறது. இதற்கும் எர்த் காரணமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சூட்டில் மட்டும் என்றால் முதலில் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, சந்தேகியுங்கள். ஸ்பார்க் மிக முன்னதாக விழுந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். அடுத்த முறை முட்டும்போது, மேலே சொன்ன காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். தடையின்றிச் சுற்றினால் டைமிங்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் சிறிய எடைகளின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒயரைக் கழற்றியும் அப்படியே இழுத்தால், சூடேறிய செல்ஃபின் புஷ்ஷைக் கவனிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தும் முன் அது இருந்த நிலையைச் சாக்பீஸால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.