காலித் தொட்டிக்குத் தீனி

(வேட்டை மீன் வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் ஈரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர்.)

கேள்வி: ஏனுங்கண்ணா, 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி செய்துவிட்டேன். ஆஸ்கர் இரண்டு, சில்வர் அரோவானா ஒன்று, ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒன்று விட ஆசை. பாட்டில் பாக்டீரியா ஊற்றி மறுநாளே மீன் விடலாம் என்கிறார் கடைக்காரர். ஒரு மாதம் ‘சைக்கிள்’ பண்ண வேண்டும் என்கிறான் நண்பன். இப்போது புரட்டாசி பிறக்கப் போகிறது, தீபாவளிக்குள் மீன் விட்டாக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?
- பெருந்துறை வாசகர்

பதில்: நண்பன் பேச்சைக் கேளுங்க தம்பி. தீபாவளிக்கு மீன் விட்டுவிடலாம், தேதி சரியாகத்தான் இருக்கிறது.

முதலில் தொட்டியின் எடையைப் பார்ப்போம். மேலே மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் உங்கள் தொட்டி ஏறக்குறைய 500 லிட்டர் பிடிக்கும். 12 எம்.எம். கண்ணாடியென்றால் அதுவே 100 கிலோ வரும். கல், மணல் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். நல்ல காங்கேயம் காளை ஒன்றை ஹாலில் நிறுத்திக் கட்டுவதற்குச் சமம். அதனால் ஆங்கிள் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடியில் தெர்மாகோல் விரித்த பிறகுதான் தொட்டியை ஏற்ற வேண்டும். மேலே மூடி கட்டாயம். ஆஸ்கரே தாவும், அரோவானாவைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். மீனின் செவுளிலிருந்து அமோனியா வந்துகொண்டே இருக்கும். மிச்சத் தீனி அழுகினாலும் அதேதான் வரும். ஃபில்டரில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடிவந்து சேர்வதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். என் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், “மீனுக்கு எதுக்குங்க சைக்கிளு, அதென்ன பள்ளிக்கூடம் போகப் போகுதா?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ‘ஃபில்டர் வளர்ப்பது’ என்றே சொல்கிறேன்.

இதற்கு ஏன் ஒரு மாதம்? இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்கிவிடுகிறது. அதில் இருக்கும் கிருமிகள் வேகமாகப் பெருகுகிறவை. நம் ஃபில்டர் பாக்டீரியாவோ ஒன்று இரண்டாக அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். அவசரப்படுத்த முடியாது.

வேட்டை மீனுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நாளைக்கு 10 கிராம் இறால் போடுகிறீர்கள். அதில் 2 கிராம் புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அதில் பாதி மட்டும் அமோனியாவாக வெளியே வந்தாலே 500 லிட்டரில் ஒரே நாளில் 0.4 பி.பி.எம். (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்) ஏறிவிடும். மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வீட்டில் எல்லோரும் “பசிக்குது போல” என்று இன்னும் இரண்டு இறால் போடுவார்கள்.

இன்னொன்று, பெருந்துறைப் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 8 வரை நிற்கும். அதே அளவு அமோனியா இருந்தாலும், பி.எச். 7-ல் இருப்பதைவிட 8-ல் மீனைக் கொல்லும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. ஆனால் அதே உப்புத் தண்ணீர் பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மீன் இல்லாமல் ஃபில்டர் வளர்க்க உங்கள் தண்ணீர் தங்கமானது.

இனி செய்முறை. போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, அப்படியே நிரப்பலாம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் என்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட் கல்) போட்டு குளோரினை எடுத்துவிடுங்கள். ஃபில்டரை ஓட விட்டு, ஏர் பம்பும் போடுங்கள். இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். இப்போது காலித் தொட்டிக்குத் தீனி போட வேண்டும். என்ன தீனி? நவச்சாரம்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டில் தூவுவாரே, அதேதான். அமோனியம் குளோரைடு. ஆனால் ஈயம் பூசும் சரக்கில் கலப்படம் இருக்கலாம், அதனால் லேப் கெமிக்கல் கடையில் சுத்தமானதாக வாங்குங்கள். 500 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் அமோனியா 2 பி.பி.எம். வரும். நகை எடை போடும் குட்டித் தராசு இருந்தால் சரியாக நிறுக்கலாம். அதற்கு மேல் கொட்டாதீர்கள். நிறையப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று கொட்டினவர்கள்தான் இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மீன் விலையில் பாதி ஆகும், ஆகட்டும். முதல் வாரம் அமோனியாக் குழாய் பச்சையாகவே நிற்கும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தண்ணீர் அரிசி கழுவின மாதிரி கலங்கினாலும் பயப்பட வேண்டாம், தானாகத் தெளியும். ஒன்றரை வாரம் போனால் பச்சை வெளுத்து மஞ்சளாகும், நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவாகும். நிறைய பேர் இங்கேதான் அமோனியா போய்விட்டது என்று சந்தோஷப்பட்டு மீனை விடுகிறார்கள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தைக் காப்பி நிறமாக்கிவிடும், சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டும். அமோனியா பூஜ்யமாகும்போதெல்லாம் மறுபடி 3 கிராம் போட்டுக்கொண்டே இருங்கள். நைட்ரைட் 5-க்கு மேல் போனால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நாலு, ஐந்து வாரத்தில் ஒருநாள் காலை 3 கிராம் போட்டு மறுநாள் காலை பார்த்தால் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். அன்றைக்குத்தான் ஃபில்டர் வளர்ந்தது. முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, மறுநாள் மீன் விடுங்கள். இடையில் நாள் கடத்தினால் தினமும் தீனி போட மறக்காதீர்கள்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பால் உறைய உறைமோர் ஊற்றுகிறோமில்லையா? அதுபோல நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவர வேண்டும், கவரில் அந்தத் தொட்டித் தண்ணீரோடு. ஐந்து வாரம் இரண்டு வாரமாகச் சுருங்கி நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டி ஸ்பாஞ்ச் என்றால் நோயும் சேர்ந்து வரும். பாட்டில் பாக்டீரியாவையும் உறைமோராக வைத்துக்கொள்ளலாம். சிலது வேலை செய்யும், கடை ஷெல்ஃபில் வெயிலில் வெந்தது செய்யாது. எதுவானாலும் டெஸ்ட் கிட் சொன்ன பிறகே மீன்.

கடைசியாக மீன் பட்டியல். ஆஸ்கர் இரண்டு சரி. ஒவ்வொன்றும் ஓரடி வளரும், உங்கள் தொட்டிக்கு அதுவே நிறைவு. சில்வர் அரோவானா அமேசானில் மூன்றடி வளர்கிற மீன். இரண்டடி அகலத்தில் அது எப்படித் திரும்பும்? ரெட் டெயில் நாலடியையும் தாண்டும். அதற்கு முன்னாலேயே ஒரு ராத்திரி உங்கள் ஆஸ்கரை முழுங்கியிருக்கும். காலையில் அது வயிறு உப்பிப் படுத்திருக்கும், நீங்கள் ஆஸ்கர் எங்கே என்று சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் வேண்டாம். வாராவாரம் மாற்றும் 200 லிட்டர் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள், நைட்ரேட் அதற்கு உரம்.

கேள்வி: சிறுவாணித் தண்ணீரில் ஃபிளவர்ஹார்ன் மீனுக்காக 150 லிட்டர் தொட்டி தயார் செய்கிறேன். நாலு வாரமாகிறது, நைட்ரைட் ஊதாவிலேயே நிற்கிறது, அமோனியாவும் இறங்க மாட்டேன் என்கிறது. என்ன தவறு?
- வடவள்ளி வாசகி

பதில்: தவறு உங்களிடம் இல்லைங்க அம்மணி. குடிக்க அவ்வளவு ருசியான தண்ணீர், பாக்டீரியாவுக்குத்தான் சத்துப் பத்தாது. பி.எச். பார்த்தீர்களா? 6 பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரின் காரத்தன்மையில் 7 மில்லிகிராம் செலவாகும். சிறுவாணி மாதிரி மெல்லிய தண்ணீரில் அந்தக் கையிருப்பு கொஞ்சம்தான். தீர்ந்ததும் பி.எச். சரியும். 6.5-க்குக் கீழே போனால் வேலை மந்தமாகும், 6-ல் கிட்டத்தட்ட நின்றுவிடும். பாக்டீரியா சாகவில்லை, கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றி, 100 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வீதம் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுங்கள். ஒரு வலைப்பையில் கழுவின கிளிஞ்சல் இரண்டு கைப்பிடி போட்டு ஃபில்டரில் வையுங்கள், அது மெதுவாகக் கரைந்து தாங்கிக்கொள்ளும். இதெல்லாம் மீன் இல்லாதபோது மட்டும். அமோனியா இருக்கிற தண்ணீரில் மீனையும் வைத்துக்கொண்டு சோடாவைக் கொட்டி பி.எச்.சை ஏற்றினால் நாமே விஷம் வைத்த மாதிரி.

கேள்வி: புரட்டாசி முழுக்க ஃப்ரிட்ஜில் இறால் வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் ஆஸ்கருக்கு உயிரோடு கப்பி மீன் வாங்கித் தீனியாகப் போடலாமா?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. கடையில் நூறு நூறாக அடைத்து வைத்த தீனி மீன் நோயைக் கூடவே கூட்டி வரும். இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துப் போடுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் சரி. தீனி கோல்ட்ஃபிஷ் அதைவிட மோசம். அதில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதையே மாதக்கணக்கில் தின்றால் மீன் நரம்புத் தளர்ச்சியில் தள்ளாடும். வேட்டை மீனுக்கான பெல்லட்டுக்குப் பழக்குங்கள். இரண்டு நாள் பட்டினி போட்டு மூன்றாம் நாள் போட்டால், துப்பித் துப்பிக் கடைசியில் முழுங்கும். வளர்ந்த ஆஸ்கர் நாலு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பெல்லட்டில் மீன் தூள்தான் இருக்கிறது என்பதை அம்மாவிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று வருஷமாக வளர்த்த அலிகேட்டர் கார் மீன் தொட்டிக்குள் அடங்கவில்லை. தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிடலாமா?
- பல்லடம் வாசகர்

பதில்: கூடாதுங்க. ஆறடிக்கு மேல் வளரும், பல பத்து வருஷம் வாழும் வட அமெரிக்க மீன் அது. பெருமழையில் கிணறு நிரம்பி வழிந்தால் ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து நொய்யலுக்குப் போகும். டேங்க் கிளீனர் என்று விற்ற மீன் இன்று நம் குளங்களில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடப்பதும் இப்படி விட்டுத்தான். வாங்கின கடையிலேயே திரும்பக் கொடுங்கள், பணம் கேட்காதீர்கள். இல்லையென்றால் சிமெண்ட் தொட்டி கட்டி மேலே வலை போட்டு வளர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? மாதாந்திர மின்தடை நாளில் என்ன செய்வது?
- பவானி வாசகர்

பதில்: இதற்கு என் கதையையே சொல்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பொங்கல் சமயம். பொங்கலுக்கு முதல் நாள், காப்புக்கட்டு அன்று வீடு வாசலெல்லாம் கழுவி, வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து எரவாணத்தில் செருகியாயிற்று. அந்தச் சூட்டிலேயே எட்டு மாதமாக ஓடிய ஃபில்டரையும் எடுத்து, குளோரின் வாசம் அடிக்கிற குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்ச் வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை பிழிந்து பிழிந்து அலசினேன். பொங்கலன்று மீன் தீனி எடுக்கவில்லை. பூப்பறிக்கிற நாளன்று பெண்கள் எல்லாம் கும்மியடிக்கப் போயிருக்க, நான் ஆறு ஆஸ்கரும் செவுள் சிவந்து மேலே மிதந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு போயிற்று. எட்டு மாதம் வளர்த்ததை அரை மணி நேரத்தில் நானே கழுவி ஊற்றியிருக்கிறேன்.

தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும் கழுவுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும், பழுப்பு நிறம் இருக்கட்டும். ஸ்பாஞ்சும் பீங்கான் வளையமும் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

மின்தடை நாளில் முதல் நாளே தீனியை நிறுத்துங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருப்பது) மூடினபடி நாலைந்து மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மூடியைத் திறந்து மீடியாவை (உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம்) எடுத்துத் தொட்டிக்குள்ளேயே, ஏர் கல்லுக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். மறந்துபோய் மாலைதான் ஞாபகம் வந்தது என்றால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் உள்ளிருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டி, அடுத்த ஒரு வாரம் தினமும் அமோனியா பாருங்கள்.