வாதி ரம் செம்பாறைப் பாலைவனத்துக்கு நவம்பரில் அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: தம்பி ஜோர்தானில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் முதல் வாரத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவனைப் பார்க்கப் போகிறோம். வாதி ரம் பாலைவனத்தையும் பார்க்க ஆசை. அந்த மாதம் சரிதானா? அம்மானிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? நாங்கள் ஹட்டன் பக்கம்.

பதில்:

மாதம் நல்ல மாதம், தாராளமாகப் போங்கள். ஒரே நாளில் திரும்பும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள், ஒரு இரவு அங்கேயே கூடாரத்தில் தங்குங்கள்.

நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஜோர்தானில் மூன்று வருஷம் தையல் மெஷினில் வேலை செய்தேன். 2019 நவம்பர் முதல் வாரத்தில், வெள்ளிக்கிழமை லீவோடு இன்னொரு நாளும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எங்கள் ஹொஸ்டல் பிள்ளைகள் பதினொரு பேர் வேன் பிடித்துப் போனோம். அம்மானிலிருந்து தெற்கே 300 கிலோமீற்றருக்கு மேல், நான்கு மணி நேர ஓட்டம். போகவும் வரவும் எட்டு மணி நேரம் வேனிலேயே போய்விட்டால், உங்களுக்குக் கிடைப்பது நடுப்பகல் மட்டும்தான். அந்த இடத்தைப் பார்க்கவே கூடாத நேரம் அதுதான்.

செம்பாறை என்றால் நாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும் என்று நாங்களும் நினைத்தோம். மதியத்தில் இறங்கியபோது பாறைகள் வெளிறிப்போய் மஞ்சள் பூத்தாற்போல் நின்றன. நாலு மணி தாண்டிச் சூரியன் சாயச் சாயத்தான் உள்ளிருந்து நிறம் ஊறி வந்தது. மணற்கல்லில் கலந்திருக்கும் இரும்பு துருவேறிய நிறம் அது. நம் தோட்டத்துச் செம்மண்ணுக்கும் அதே இரும்புதான் நிறம் கொடுக்கிறது. ஆனால் இங்கே அதைத் தேயிலை மூடியிருக்கும், கொழுந்து எடுக்கும்போது காலில் ஒட்டுகிற சேற்றில்தான் பார்ப்போம். அங்கே மலை முழுவதும் போர்வை இல்லாமல் நிற்கிறது.

நவம்பரின் நன்மையும் இந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஜூனில் மதியச் சூரியன் அங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், வெயிலும் 35 பாகையைத் தாண்டும். நவம்பர் தொடக்கத்தில் நண்பகலிலும் அது வானத்தில் பாதி உயரம்தான் ஏறும். அதனால் பாறைகளுக்கு நாள் முழுவதும் நிழல் இருக்கும், அந்த நிழலில் ஒதுங்கி ஒதுங்கி நடக்கலாம்.

போவதற்கு முதல் நாள் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். இப்படி ஒரு இடத்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மரஞ்செடி இல்லாத மலைனு சொல்ற. அப்ப அந்தச் சனத்துக்குத் தண்ணி எங்க இருந்து வருது?"

அந்தக் கேள்வியோடு போனதால்தான் மற்றவர்கள் விட்டுவிட்டு வருகிற ஒன்றை நான் பார்த்தேன். ரம் கிராமத்துக்குப் பின்னால், நபத்தேயர் என்ற பழங்கால அரபு மக்கள் கட்டிய கோயிலின் இடிபாட்டைத் தாண்டி மேலே ஏறினால் ஐன் ஷல்லாலே என்று ஒரு ஊற்று இருக்கிறது. ஜீப்காரர்கள் அங்கே கூட்டிப்போக மாட்டார்கள், கேட்டு வழி தெரிந்துகொண்டு நடந்துதான் ஏற வேண்டும். சுற்றிலும் காய்ந்த பாறை, அந்த ஒரு மடிப்பில் மட்டும் புதினா வாசமும் பெரணியும். எங்கள் லயத்தில் ஊற்றுத் தண்ணீர் குழாயாக வந்து விழுகிற பீலிக்கரைக் கல்லில் படர்ந்திருக்கிற மாதிரியே பெரணி. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூட வந்த பிள்ளைகள் என்ன ஏது என்று பயந்துவிட்டார்கள்.

அங்கே மேலே இருப்பது மணற்கல், எப்போதாவது பெய்கிற மழையை அது உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இருப்பது கருங்கல், அது தண்ணீரைக் கீழே விடாது. இரண்டும் சேருகிற கோட்டில் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. அந்தத் தண்ணீரைக் கீழே கோயில் வரை கொண்டுபோக நபத்தேயர் பாறையிலேயே வாய்க்கால் செதுக்கியிருக்கிறார்கள், அதன் தடம் இன்னும் இருக்கிறது. ஈராயிரம் வருஷத்துப் பீலி.

பக்கத்தில் திசி என்று ஒரு பகுதி. அங்கே நிலத்துக்கு வெகு ஆழத்தில், பல்லாயிரம் வருஷத்துக்கு முன் பெய்த மழைத் தண்ணீர் மணற்கல்லுக்குள் கிடக்கிறது. 2013 இலிருந்து அதை இறைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் குழாய் வழியாக அம்மானுக்கு அனுப்புகிறார்கள். தலைநகரம் தண்ணீருக்கு அந்தப் பாலைவனத்தை நம்பியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அந்தத் தண்ணி தீந்துட்டா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்து மழை திரும்ப வந்து அதை நிரப்பப்போவதில்லை.

இனி எச்சரிக்கை. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் வெயிலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நீங்கள் மழையைப் பற்றி விசாரியுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல்தான் அங்கே மழைக்காலம் தொடங்குகிறது. பெய்வது கொஞ்சம்தான். ஆனால் பிடித்துவைக்க மண்ணும் வேரும் இல்லாததால் பெய்த தண்ணீர் பாறையில் வழிந்து ஒரே பாய்ச்சலாகப் பள்ளத்தில் இறங்கும். 'வாதி' என்றால் அரபியில் பள்ளத்தாக்கு, காய்ந்த ஆற்றுத்தடம். மழை எங்கேயோ தூரத்தில் பெய்திருக்கும், நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் வெளுத்திருக்கும், வெள்ளம் மட்டும் வந்து சேரும். 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடல் பக்கத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 9 அன்று மறுபடியும் வெள்ளம், பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். அதே ஐப்பசி மழைதான். இங்கே மண் நனைந்து கனத்து இறங்குகிறது, அங்கே மண் இல்லாததால் தண்ணீரே இறங்குகிறது. அதனால் வானிலைச் செய்தியில் மழை என்று ஒரு சொல் இருந்தாலும் கஸாலி மாதிரியான ஒடுங்கிய பிளவுக்குள் போகாதீர்கள். வழிகாட்டி 'பரவாயில்லை' என்றாலும் வேண்டாம். காசு போனால் போகட்டும்.

வானம் தெளிவாக இருந்தால் கஸாலிக்குக் கட்டாயம் போங்கள். உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் மனித உருவங்கள், பாதங்கள், தமூதிய எழுத்துகள் என்கிற பழங்கால அரேபிய எழுத்துகள். அந்தப் பாலைவனம் முழுவதும் 20,000 கல்வெட்டுகள் இருப்பதாக யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. 2011 இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததற்கு அவையும் ஒரு காரணம். கை படாமல் பாருங்கள், மணற்கல் சீக்கிரம் உதிரும். ஆனால் உள்ளே வழி ஒடுக்கம், வழுக்கும். அம்மாவை முகப்பு வரைக்கும் கூட்டிப் போனால் போதும், அங்கேயே சில எழுத்துகள் தெரியும்.

மற்றது, மணல் மேட்டில் ஏற அம்மாவை வற்புறுத்தாதீர்கள். தேயிலை மலையில் ஏறிப் பழகிய காலுக்கு ஏற்றம் பெரிசில்லைதான். ஆனால் மணல் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும், முழங்கால் நொந்துபோகும். ஜீப் என்று சொல்வது பெரும்பாலும் பின்னால் பலகை இருக்கை போட்ட பழைய பிக்கப். அம்மாவுக்கு முன் சீட்டை முதலிலேயே பேசிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனையும், தெரியும். அங்கே காற்று அவ்வளவு காய்ந்தது, வியர்வை வந்த தடமே தெரியாமல் போய்விடும். எங்களில் ஒரு பிள்ளைக்கு வியர்க்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, சாயங்காலம் தலைவலியும் வாந்தியும். ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், ஆடும் ஒட்டகமும் வருகிற இடம்.

குளிரை ஹட்டன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான உம்மு அத்-தாமியும் அங்கேதான் இருக்கிறது, 1,854 மீற்றர். ஏறக்குறைய நம் நுவரெலியா டவுன் இருக்கிற உயரம். நீங்கள் தூங்கப்போகிற இடம் அதைவிட நன்றாகத் தாழ்வு, ஆனாலும் பகலில் 20 பாகைக்கு மேல் இருந்த இடம் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். நம் குளிர் மெல்ல மெல்ல ஏறும். அங்கே சூரியன் பாறைக்குப் பின்னால் போன பத்தே நிமிஷத்தில் ஸ்வெட்டரைத் தேட வைக்கும். மாலை ஆறுக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால் ஸ்வெட்டர், காலுறை, தலைக்குக் கட்டத் துண்டு எல்லாம் பையின் மேலாக இருக்கட்டும்.

கூடாரத்தில் இரவுச் சாப்பாடு 'சர்ப்'. மணலுக்குள் புதைத்த அடுப்பில் கோழி, கிழங்கு, காய்கறி எல்லாம் மணிக்கணக்காக வேகும். மரக்கறிக்காரர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இனிப்புத் தேநீர். எங்களுக்கு ஊற்றித் தந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றதும் உள்ளே போய்த் தேயிலைப் பெட்டியை எடுத்து வந்து, "சிலானி, சிலானி" என்று காட்டினார். என் அம்மா இந்தக் கொழுந்து எடுக்கிறவர் என்று தெரிந்த அரபியில் சொன்னேன். அவர் தன் நெஞ்சில் கை வைத்து, என் கோப்பையை மறுபடியும் நிறைத்தார்.

பெட்ராவை அதே பயணத்தில் திணிக்காதீர்கள், அதற்குத் தனி நாள் வேண்டும்.

உங்கள் அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போய்ப் பழகியவர் என்றால் விடியும் முன்பே விழித்துவிடுவார். அவரைத் தனியாக விடாமல் நீங்களும் தம்பியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து உட்காருங்கள், மேற்குப் பக்கம் பார்த்து. ஏழு மணிக்குச் சற்று முன், எதிர்ப் பாறையின் உச்சியில்தான் முதல் சிவப்பு விழும்.