நெடுந்தீவுக் குதிரைக்கு ஃபிளாஷ் வேண்டாம், விடியற்காலை வெய்யில் போதும்

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அண்ணை, சித்திரை லீவுக்கு நெடுந்தீவு போய் மட்டக்குதிரைகளைப் படம் எடுத்தேன். நல்ல வெய்யில், ஆனால் எல்லாக் குதிரையும் கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்டினது மாதிரி வந்திருக்கு. கண்ணே தெரியவில்லை. 55-250 மில்லிமீற்றர் சூம் லென்ஸ்தான் இருக்கு. ஃபிளாஷ் ஒன்று வாங்கினால் சரிவருமா?”

வாங்க வேண்டாம். ஃபிளாஷின் வெளிச்சம் சில மீற்றருக்கு மேல் வெட்ட வெளியில் எடுபடாது. கிட்டப்போய் அடித்தால் குதிரை மிரளும். உங்கள் லென்ஸிலும் குறையில்லை. நீங்கள் போன நேரம்தான் பிழை.

ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். ஓகஸ்ட் கடைசியில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய நாட்களில், இன்னொரு முறை வரும். அந்த நாட்களில் மத்தியானம் 12 மணி கழிந்த கையோடு முற்றத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். குதிரைக்கும் அதேதான். முதுகு மட்டும் பளீரென்று வெளிக்க, விலாவும் வயிறும் முகமும் நிழலுக்குள் போய்விடும். புருவ எலும்பின் நிழல் கண்ணை மூடிவிடும். போதாததற்கு நெடுந்தீவுத் தரை சுண்ணாம்புக்கல், வெய்யிலில் வெள்ளையாக எரியும். அந்த வெள்ளையையும் வானத்தையும் பார்த்த கமரா “வெளிச்சம் கூடிப்போச்சு” என்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. பழி குதிரையின் மேல் விழுகிறது.

காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறையால் போய்ப் பிற்பகல் படகில் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் கிடைப்பது இந்த உச்சி வெய்யில்தான். ஆகவே என் முதல் ஆலோசனை கமராவைப் பற்றியதல்ல. நெடுந்தீவில் ஒரு இரவு தங்குங்கள். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வரை ஏறும். காலை 8 மணிக்கே 25 பாகை அளவில் நிற்கும். பக்கவாட்டில் சரிந்து விழும் வெளிச்சம் சூரியோதயத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான். பின்னேரமும் அப்படியே. விடிய 6 மணிக்கு நீங்கள் தெற்குப் புல்வெளியில் நிற்க வேண்டும். படகில் வந்து இறங்கி அதைப் பிடிக்க முடியாது.

அங்கே போனதும் எங்கே நிற்பது? காலையில் சூரியன் கிழக்கே இருக்கும். தெற்கே கடலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் உங்கள் இடது கைப்பக்கத்திலிருந்து வரும், குதிரைக்குப் பின்னால் வெறும் கடல். வடக்கே திரும்பினால் வெளிச்சம் வலது கையில், பின்னால் பனைகள். எனக்குப் பிடித்தது முதலாவது, பின்னணி அமைதியாக இருப்பதால். இந்தப் பக்க வெளிச்சத்தில்தான் தோள்பட்டைத் தசையின் மேடும், அதற்குக் கீழே விழுகிற பள்ளமும், கழுத்தில் ஓடுகிற நரம்பும் தெரியும். சூரியனை முதுகில் வைத்து எடுத்தால் நிறம் வரும், உருட்சி வராது.

பிறகு காத்திருக்க வேண்டும். குதிரை கிழக்கே முகம் வைத்து, தலையை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பும்போது கண்ணில் அரிசி அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அந்தப் பொட்டு இல்லாத படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் உயிரில்லாமல்தான் இருக்கும். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு முறை செம்பழுப்புக் குதிரை ஒன்றுக்காக முக்கால் மணித்தியாலம் முழங்காலில் இருந்தேன். மேய்ந்துகொண்டே இருந்தது. எங்கோ இன்னொன்று கனைத்ததும் தலையைத் தூக்கியது. பிடரி மயிரில் ஒட்டியிருந்த புல்நெட்டி ஒன்று வெய்யிலில் மின்னியது. அன்று எனக்குக் கிடைத்தது அந்த ஒரு படம்தான். இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

முழங்காலில் என்று சும்மா சொல்லவில்லை. மட்டக்குதிரை உயரம் குறைந்தது. நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் தரையும்தான் வரும். அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கமராவை இறக்குங்கள். லென்ஸை 200 மில்லிமீற்றருக்கு மேல் வைத்துத் தள்ளி நில்லுங்கள். 55இல் வைத்துக் கிட்டப்போனால் தலை பெருத்துப் பின்பகுதி சூம்பித் தெரியும்.

கமராவில் நடக்கும் குதிரைக்கு ஷட்டர் வேகம் 1/500 செக்கன், ஓடுவதற்கு 1/1000க்குக் குறையாமல் வையுங்கள். வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 400, 800 என்று போனாலும் பயமில்லை. அப்புறம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள். கூட்டினால் படம் வெளிக்கும், கழித்தால் இருளும். பிரகாசமான வானமும் தரையும் படத்தை நிறைத்தால் +1. கரும் பழுப்புக் குதிரை மட்டும் படத்தை நிறைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம், -0.7 அளவில். இல்லாவிட்டால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும்.

பின்னேரம் மேற்கே பார்த்து நின்று பின் வெளிச்சத்தையும் முயன்று பாருங்கள். பிடரியும் வாலும் முதுகின் விளிம்பும் பொன்கோடு போட்டது மாதிரி வரும். வறண்ட மாதங்களில் குளம்பு கிளப்பும் தூசியும் அந்த வெளிச்சத்தில் எரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தூசி வேண்டுமென்று மோட்டார் சைக்கிளில் குதிரைகளைத் துரத்தாதீர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அந்தத் தீவில் தங்கிவிட்ட பரம்பரை அது. வறட்சியில் தண்ணீருக்கே அலைகின்றன. ஓட வைப்பது அவற்றிடம் மிஞ்சியிருப்பதையும் பறிப்பது. குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. அதனால் தோளுக்குச் சரிவாக, அது உங்களைப் பார்க்கும்படி, மெல்ல நடந்து வந்து 30 மீற்றரில் நின்றுவிடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது.

போவதற்கு முன் வீட்டு மாட்டை வைத்துப் பழகலாம். காலை 7 மணிக்கு ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும், அதே மாடு, அதே இடம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால், மாரி மழை ஓய்ந்த தை, மாசியைச் சொல்வேன். புல் பச்சையாக இருக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், குதிரைகளும் தெம்பாக இருக்கும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.