கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், முதல் நாவலை முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்பும்முன் என்ன கவனிக்க வேண்டும்?

இதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம், மின்னஞ்சலே போதும். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியிருந்தால் முழுக்கப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பெரிய தலைவலி வட்டார வழக்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்தே வரும். மெய்ப்புப் பார்ப்பவர் வெளியூர்க்காரர் என்றால் பிழையென்று நினைத்துத் திருத்திவிடுவார். மாற்றக் கூடாத சொற்களைப் பட்டியல் போட்டுப் பிரதியோடு அனுப்புங்கள். ஆனால் ஒரே சொல்லை நீங்களே மூன்று விதமாக எழுதியிருந்தால் பட்டியலை யாரும் மதிக்கமாட்டார்கள். முதலில் அதைச் சீராக்குங்கள்.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்து டிசம்பரில் அனுப்புவது வீண். அச்சகங்கள் அப்போது மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் ஓடும்.

ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். உரிமையை மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். 'நிரந்தரமாக' என்று ஒரு வார்த்தை இருந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகளைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். அதற்கென்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.