வேம் தூள் ஆர்க்கிட் விதைக்கு உதவாது

வாண்டா ஆர்க்கிட் விதையைத் தேங்காய் மட்டையில் தூவி, வேம் (VAM, வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சை) தூளும் போட்டு, நான்கு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பராமரிப்பில் குறையில்லை, ஆர்க்கிடுக்கு வேண்டிய பூஞ்சைதான் வேறு. வேம் தக்காளி, மிளகாய் வேருக்கு நல்லது, ஆர்க்கிடோடு சேராது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிட்டத்தட்ட கிடையாது. துலாஸ்நெல்லா போன்ற பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் இயற்கையில் முளைக்கும். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் ஆர்க்கிட் நாற்றுகளுக்குள் இந்தப் பூஞ்சையைக் கண்டார்.

மிச்ச விதை இருந்தால் தாய்ச்செடியின் பழைய வேர்கள் ஒட்டிய மட்டையிலேயே தூவிப் பாருங்கள், பூஞ்சைக்கொல்லி அடிக்காமல். அப்புறம், அடுத்த காயை வெடிக்கும் முன்பே திசு வளர்ப்புக் கூடத்துக்குக் கொடுங்கள். 1922இல் லூயிஸ் நுட்சன் என்ற அமெரிக்கர் காட்டியபடி, சர்க்கரை கலந்த அகார் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைப்பார்கள். நான் அதைத்தான் நம்புவேன்.